பவளத்துக்கு அசோஸ்பைரில்லமா?

சென்னைக்குப் போனால்தான் கடலைப் பார்க்க முடியும் என்கிற வேலூர்க்காரனுக்குப் பவளப்பாறையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். ஆனால் முள்ளுக் கத்தரி நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் என்கிற, பயிருக்கு நன்மை செய்யும் பாக்டீரியா உரக் கரைசலில் நனைத்து நட்டவர்களுக்கு விஷயம் பாதி புரிந்த மாதிரிதான். நுண்ணுயிரியல் படிக்கும் என் அக்கா மகன் போன வாரம், "மாமா, பவளத்துக்கும் நல்ல பாக்டீரியா வந்துடுச்சு. ஊத்தினா போதும், வெளுக்காது" என்றான். அந்தப் பேச்சிலேயே இரண்டு தவறு.

முதலில் 'வெளுக்காது' என்பது. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுக்கத் தொடங்கும். (கத்திரி வெயிலில் நமக்கு 1 டிகிரி ஒரு பொருட்டா?) பாக்டீரியா அந்தப் பாசியின் இடத்துக்கு வருவதில்லை. நோய்க்கிருமியோடு மல்லுக்கட்டுவது, வெப்பத்தில் சுரக்கும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை முறிப்பது மாதிரியான வேலைகளைத்தான் அதனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

ராக்கெல் பெய்ஷோட்டோ என்ற பிரேசில் விஞ்ஞானியின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பிரேசில் கடல் பவளம் ஒன்றைத் தொட்டிகளில் வைத்துச் சூடேற்றினார்கள். சிலவற்றுக்கு அதே இனத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா, மற்றவற்றுக்கு வெறும் உப்புக்கரைசல். சூடு எல்லாவற்றையும்தான் தாக்கியது. வித்தியாசம் தெரிந்தது அதற்குப் பிறகு தேறியதில்: பாக்டீரியா பெற்றவற்றில் பிழைப்பு 40 சதவீதம் கூடியது. அந்த உப்புக்கரைசல் தொட்டி இல்லாவிட்டால், தானாகவே தேறிய பவளத்துக்கும் பாக்டீரியாதான் காரணம் என்று சொல்லியிருப்போம். பாதி வயலுக்கு உரம் போடாமல் விட்டுப் பார்த்தால்தானே பலன் தெரியும்?

அடுத்தது 'ஊத்தினா போதும்'. செங்கடலில் நடந்த களச் சோதனையில் வாரம் 3 முறை வீதம் 3 மாதம் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். சுற்றியுள்ள நீரும் மணலும் மாறுகிறதா என்றும் பார்த்தார்கள். அந்தக் கவனிப்பை விட்டுவிட்டு மன்னார் வளைகுடாவில் கேன் கணக்கில் கொட்டலாம் என்பது வம்பு.

அப்புறம், மீன் தொட்டிக் கடையில் 'நல்ல பாக்டீரியா' என்று விற்கும் பாட்டில். அது பெரும்பாலும் தொட்டியில் சேரும் அம்மோனியாவை மாற்றுவதற்கானது. வெயிலுக்கான மருந்து அல்ல. பவளத்தைக் கொல்லும் விப்ரியோ கோரலிலிட்டிகஸும் ஒரு பாக்டீரியாதான். ஆகவே எதைப் பிரித்தெடுத்தாலும் அது நோய் தராது என்று சோதிக்காமல் பவளத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

"அப்ப வீட்லயே ஒரு பவளம் வெச்சுப் பாக்கலாமா மாமா?" என்றான். கல்பவளங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு சேர்த்து.