கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் மொசைக்கில் பறவை செய்யப் போகிறீர்களா?

முதலில் சார்லி ஹார்ப்பர் வரைந்த பறவைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழ்ந்து 2007-ல் மறைந்த ஓவியர் அவர். வட்டம், முக்கோணம், நேர்கோடு, அவ்வளவுதான், இறகு இறகாக வரையவே மாட்டார், ஆனாலும் பார்த்த நொடியில் இது கார்டினல் (அமெரிக்கச் சிவப்புப் பறவை) என்று தெரிந்துவிடும். கண்ணாடிக்கு இதைவிடத் தோதான பாணியை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் கண்ணாடி நேர்கோட்டில் அழகாக வெட்டுப்படும், வெளிப்பக்கம் வளைந்தாலும் சமாளிக்கலாம், உள்ளே குடைந்த வளைவு என்றால்தான் பட்டென்று உடையும். அவர் படத்தை அப்படியே காப்பி எடுக்காமல், பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் ஜன்னலுக்கு வரும் பறவையை வரையுங்கள்.

வரைந்த கோட்டின் மேல் 2 மி.மீ. தடிமனான மார்க்கரை ஓட்டி, கோட்டை விட்டுவிட்டு உள்பகுதியை மட்டும் கண்ணாடியில் வெட்டுங்கள். அந்த இடைவெளியில்தான் அப்புறம் கிரவுட், அதாவது துண்டுகளுக்கு நடுவே நிரப்பும் சாந்து, போகும், அதுவே படத்தின் கோடாகவும் நிற்கும். அதனால் எல்லா இடத்திலும் ஒரே அகலம் இருக்க வேண்டும்.

ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் ஒட்டும் பசை வெள்ளையாகவே இருக்கட்டும். சாம்பல் நிறப் பசையில் ஒட்டிய என் முதல் பறவையின் சிவப்பு, காய்ந்த ரத்தம் மாதிரி கறுத்துப்போனது, எனக்கு ரொம்ப வருத்தம். கிரவுட்டுக்கு அடர்ந்த சாம்பலோ கறுப்போ போட்டால் நிறங்கள் எடுப்பாகத் தெரியும், முதலில் ஒரு சின்னத் துண்டுப் பலகையில் பூசிப் பாருங்கள். வெட்டும்போது கண்ணாடிச் சில் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள்.