கீலுக்கு வாங்கிய ஸ்பிரேயை எஞ்சினுக்குள் அடிப்பதற்கு முன்

கயிற்றை இருபது முறை இழுத்தாகிவிட்டது. புல்வெட்டும் இயந்திரம் ஒரு முறைகூட இருமவில்லை. தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. அந்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்க்கும் ஒருவர் “அந்த ஸ்பிரேயைக் கொஞ்சம் உள்ளே அடித்துப் பாருங்களேன்” என்பார். கீச்சிடும் கதவுக் கீலுக்காக வாங்கி வைத்த அதே டப்பாதான். அடித்தால் எஞ்சின் சில நேரம் உண்மையாகவே உயிர் பெற்றுவிடும். வம்பு தொடங்குவதும் அங்கேதான். ஒரு முறை பலித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு பூட்டு, செயின், பிரேக், ஸ்விட்ச், கடைசியில் முழங்கால் மூட்டு வரை அந்த டப்பாவுக்கு வேலை வந்துவிடுகிறது.

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: டப்பாவுக்குள் இருப்பது வெறும் எண்ணெய் என்று நினைத்துக்கொள்வது. இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற டபிள்யூடி-40 ஸ்பிரேயையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் 1953-இல் அதை உருவாக்கியது. ‘டபிள்யூடி’ என்பவை நீரை அப்புறப்படுத்துதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். நாற்பதாவது முயற்சியில் கலவை கைகூடியதால் 40. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் காப்பது அதன் தொடக்க கால வேலை. 1958-இல்தான் டப்பாவில் அடைக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தது. ஆக, பெயரிலேயே எண்ணெய் என்ற பேச்சு இல்லை. அதன் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க்குப் பங்காளி முறையான ஒரு கரைப்பான். மீதியில் மெல்லிய தாது எண்ணெய். அடித்ததும் கரைப்பான் இடுக்குகளில் ஊடுருவும், பழைய பிசுக்கை இளக்கும், தண்ணீரைத் தள்ளும், பிறகு ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. கடைகளில் கிடைக்கும் மற்ற பொதுப்பயன் ஸ்பிரேக்களும் ஏறக்குறைய இதே குணம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எஞ்சினுக்கு வருவோம்.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த எரிபொருள், அதை நெருக்கும் அமுக்கம், சரியான நொடியில் ஒரு தீப்பொறி. ஸ்பிரேயின் கரைப்பான் எரியும். அதை டப்பாவிலிருந்து தள்ளி வெளியேற்றும் வாயுவும் பல தயாரிப்புகளில் புரோப்பேன், பியூட்டேன் கலவைதான். சமையல் எரிவாயுவின் இனம். அதனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வாயில் அடித்தால் சில வினாடிகளுக்குப் பெட்ரோலின் வேலையை அது பார்க்கிறது. சில தயாரிப்புகளில் எரியும் வாயுவுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை வைக்கத் தொடங்கிவிட்டார்கள், அது எரியாது. “முன்பெல்லாம் ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும், இப்போது வருவதில் சத்தில்லை” என்று பழைய ஆட்கள் அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இதை எஞ்சினை ஓட்டும் வழி என்று நினைப்பதுதான் பெரிய பிழை. நாடி பிடித்துப் பார்ப்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. சிறிது அடித்துக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் இரண்டு மூன்று வினாடி படபடத்து அணைந்தால், தீப்பொறியும் அமுக்கமும் நலம். பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. அசைவே இல்லையென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அது சொல்லும் சேதி. இரண்டாவது முறை அடிப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

தெரிந்துதான் பேசுகிறேன், ஏனென்றால் நானே ஐந்து முறை அடித்தவன். நான்கு மாதம் மூலையில் கிடந்த புல்வெட்டி. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தேன். ஃபில்டரைக் கழற்றச் சோம்பல்பட்டு ஸ்பாஞ்சு நனையும்படி மேலேயே அடித்தேன். எஞ்சின் ஓடியது, வெண்புகை கக்கியது, நின்றது. மறுபடி அடி, மறுபடி ஓட்டம். ஐந்தாவது தடவை அதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றினால் நுனி முழுக்க ஈரம். தீப்பொறி தாவ வேண்டிய இடைவெளியில் எண்ணெய் ஒரு சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சைத் தொட்டால் விரலோடு பிய்ந்து வந்தது. கடைசியில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோதுதான் விஷயம் விளங்கியது. கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் ஒரு பசை. பெட்ரோல் பாயும், ஊசி முனை அளவே உள்ள ஜெட் துளை அந்தப் பசையால் அடைபட்டிருந்தது. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போன வண்டல் அது. மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும் கார்புரேட்டர் கிளீனரும் கால் மணி நேரத்தில் அதைச் சரிசெய்தன. செம்பு மென்மையானது, துளையை அகலப்படுத்தாது. குண்டூசியை விட்டுக் குடைந்தால் அளவு மாறிவிடும், பிறகு பெட்ரோல் தேவைக்கு மேல் பாயும்.

சோதனைக்காக அடிப்பதென்றால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அரை வினாடி அடித்தால் போதும். பிறகு ஃபில்டரை மாட்டி, டப்பாவை நான்கடி தள்ளி வைத்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். பலர் ஒரு கையில் டப்பாவை அழுத்திக்கொண்டே மறு கையால் இழுக்கிறார்கள், முகமும் கார்புரேட்டர் வாய்க்கு நேராக இருக்கிறது. எஞ்சின் பின்னோக்கி வெடித்தால், அதாவது சிலிண்டரின் தீ உள்வாய் வழியாகத் திரும்பி வந்தால், புருவம் கருகுவதோடு தப்பித்தவர் பாக்கியசாலி. சூடாக இருக்கும் எஞ்சின், பெட்ரோல் கசியும் எஞ்சின், மூடிய அறைக்குள் இருக்கும் எஞ்சின் ஆகிய மூன்றுக்கும் இந்தச் சோதனையே வேண்டாம். அளவு மிஞ்சினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் திரவம் தேங்கியிருக்க, பிஸ்டன் வேகமாக மேலே வந்தால், அதைத் தாங்கித் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்தே போகலாம்.

“அப்படியானால் ஸ்டார்ட் செய்வதற்கென்றே விற்கும் ஸ்பிரே இருக்கிறதே” என்று கேட்கலாம். இருக்கிறது, அதில் முக்கியச் சரக்கு ஈதர். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஈதருக்கு 160 முதல் 180 வரை போதும். உறைகுளிரில் அது வரப்பிரசாதம்தான். ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து பெரும்பாலும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேறு எண்ணெய்த் தொட்டி கிடையாது, பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் அதற்குக் கஞ்சி. ஈதரால் அதை ஓட்டினால் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் கழுவப்பட்டு, உலோகம் உலோகத்தோடு உரசும். சூடேற்றும் குளோ பிளக் உள்ள டீசல் எஞ்சினில் ஈதரை அடிப்பது இதைவிட மோசம்: பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனோ ராடோ உடையும். இன்னும் சிலர் கையில் கிடைத்த பிரேக் கிளீனரை அடிக்கிறார்கள். அதில் குளோரின் சேர்ந்த வகைகள் உண்டு. அவை எரிந்தால் பாஸ்ஜீன் போன்ற கொடிய நச்சு வாயுக்கள் உண்டாகலாம். அதை எஞ்சின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், ஓடாத எஞ்சினுக்கு இந்த ஸ்பிரே நேர்மையாக உதவும் ஓர் இடம் உண்டு. அது உள்ளே அல்ல, வெளியே. மழையில் நனைந்த வண்டியிலும் ஜெனரேட்டரிலும் பிளக்குக்குப் போகும் வயரிலும் மூடியிலும் ஈரம் ஏறி, தீப்பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியைப் பிடுங்கி, உள்ளும் புறமும் லேசாக அடித்து, துணியால் துடைத்து, கரைப்பான் வாடை போகும்வரை சில நிமிடம் விட்டுவிட்டு மாட்டினால் பல நேரம் உடனே பிடித்துக்கொள்ளும். நீரை விரட்டத்தானே அது பிறந்தது! வாடை போவதற்குள் அவசரப்பட்டுக் கயிற்றை இழுக்க வேண்டாம். தீப்பொறியும் எரியும் ஆவியும் அப்போது ஒரே இடத்தில்தான் இருக்கும்.

மற்ற இடங்களுக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. சைக்கிள் செயினில் அடித்தால் அன்றைக்கு வெண்ணெய்போல ஓடும். ஏனென்றால் இணைப்புகளுக்குள் இருந்த பழைய எண்ணெயை அது கரைத்து வெளியேற்றிவிட்டது. அடுத்த வாரம் கிறீச்சென்று கத்தும். அழுக்கைக் கழுவ அடிக்கலாம், துடைத்த பிறகு செயினுக்கான எண்ணெயைக் கட்டாயம் விட வேண்டும். மின்விசிறி பேரிங்குக்கும் இதே கதைதான். பூட்டின் சாவித்துளையில் எண்ணெய்ப் படலம் தங்கினால் தூசியைப் பிடித்துப் பசையாக்கிக்கொள்ளும். அங்கே கிராஃபைட் தூள் நல்லது. துரு ஏறிய நட்டுக்கு அடிப்பது சரியான வேலை, ஆனால் அடித்த கையோடு ஸ்பானரை மாட்டித் தொங்குவது தவறு. கால் மணி நேரமாவது ஊற விட்டு, இடையிடையே சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். ஸ்டிக்கர் பசை, தார்க் கறை போன்றவற்றுக்கு இது கெட்டிக்காரச் சரக்கு. முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக் வகைகள், குறிப்பாகப் பாலிகார்பனேட், இதனால் வெடிப்பு விடும். இயற்கை ரப்பர் ஊதிப்போகும்.

பிரேக் கத்துகிறது என்று பிரேக்கில் அடிப்பவர்களும் உண்டு. கத்தல் நின்றுவிடும். பிரேக்கும் நின்றுவிடும். பிரேக் உராய்வினால் பிடிப்பது. உராய்வைக் கொல்வதற்கென்றே இருக்கும் பொருளை அதில் தெளித்துவிட்டு வண்டியில் ஏறுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். தவறிப் பட்டுவிட்டால் டிஸ்கைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். எண்ணெய் குடித்த பேடை மாற்றிவிடுவதே நல்லது.

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது இந்த டப்பாவை நீட்டினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால், நெருப்பு எதுவும் காட்டாமலே தீப்பிடிக்கும். வெல்டிங் சிலிண்டருக்கும் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் சிலிண்டருக்கும் இது பொருந்தும்.

மூட்டுவலிக்கு முழங்காலில் அடித்துத் தேய்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்பக் கடினம்தான். கீல் கீச்சிடுகிறது, அடித்தால் நிற்கிறது. முழங்காலும் ஒரு கீல்தானே என்ற கணக்கு. மூட்டுக்குள் அது போவதில்லை. தோலின் இயற்கையான எண்ணெயை உறிஞ்சி, எரிச்சலையும் தடிப்பையும் கொடுத்துவிட்டுப் போகிறது.

குழந்தை இதைத் தவறி விழுங்கிவிட்டால் பெரியவர்கள் பதறிப்போய்ச் செய்யும் முதல் காரியம் வாந்தி எடுக்க வைப்பது. செய்யவே கூடாது. வாந்தியோடு ஏறிவரும் மெல்லிய திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான அழற்சி உண்டாகும். வயிற்றில் இருப்பதைவிட அது பல மடங்கு ஆபத்து. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பது அதன் முதுகில் அச்சிட்டிருக்கும். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.