50 மில்லி எந்தப் பக்கம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடிதான் எங்கள் வரைபட அலுவலகம். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் ஒரு வரிசை வீட்டை வரைந்துகொண்டிருந்தார்கள். பின்னால் நின்று பார்த்தேன். நான் சேர்ந்த புதிதில் அடித்த அதே கூத்து. கதவு தப்பான பக்கம் திறப்பது, அகலத்தில் ஒரு சுழியம் விடுபடுவது எல்லாம் தானாகவே கண்ணில் படும், அதை விடுங்கள். கண்ணில் படாதவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஜன்னலைப் புரட்டி வைப்பது

இது என் காசைத் தின்ற தவறு. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும்.

பிளானில் சுவர்மேல் ஜன்னலை வைக்கும்போது கர்சர் சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தை ரெவிட் ஜன்னலின் வெளிமுகமாக எடுத்துக்கொள்ளும். அறைக்குள் கர்சரை வைத்துக்கொண்டு சொடுக்கினால் ஜன்னல் புரண்டுவிடும். ஸ்பேஸ்பாரை ஒரு தட்டுத் தட்டினால் திரும்பிவிடும். ஆனால் புரண்டிருப்பது தெரிந்தால்தானே தட்டுவோம்?

கணக்கைப் பாருங்கள். பூச்சோடு சேர்த்துச் சுவர் 150 மில்லிமீட்டர். அலுமினியச் சட்டத்தின் ஆழம் 100. என் ஃபேமிலியில், அதாவது ரெவிட்டில் நான் எடுத்து வைக்கிற ஜன்னல் மாதிரியில், சட்டம் வெளிமுகத்திலிருந்து 50 மில்லி உள்ளடங்கி இருந்தது. புரட்டினால் அந்த 50 அறைப் பக்கம் போய்விடும், சட்டம் வெளிச்சுவரோடு சமமாக வந்து நிற்கும். 1:100 தாளில் 50 மில்லி என்பது வெறும் அரை மில்லி. யார் கண்ணுக்குத் தெரியும்?

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா, சேமிப்பைப் போட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை இழுத்துக் கட்டினார். மேற்குப் பக்கம் நான்கு ஜன்னல். நான்கையும் புரட்டி வைத்தவன் நான். செக்‌ஷனில் (சுவரை வெட்டிக் காட்டும் படத்தில்) இருந்தபடியே கொத்தனார் சட்டத்தைப் பொருத்திவிட்டார். அவர்மேல் குற்றமே இல்லை.

முதல் சாயங்கால மழைக்கே ஃபோன் வந்தது. “தம்பி, ஜன்னலை மூடித்தான் வச்சிருக்கேன். மெத்தை நனையுது, எங்கேருந்துதான் தண்ணி வருது?”

போய்ப் பார்த்தேன். சட்டம் உள்ளடங்கி இருந்தால் மேலே 50 மில்லி சுவர் குடைபோல நிற்கும், அதன் விளிம்பில் தண்ணீர் சொட்டிவிடும். இங்கே சுவரில் வழிந்த தண்ணீர் நேராகச் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சிலிக்கோன் அடித்தோம், மூன்று தடவை. மூன்று தடவையும் ஒழுகியது. கடைசியில் நான்கையும் பெயர்த்துத் திரும்ப வைத்து, பூச்சுப் பூசிச் சாயமும் அடித்ததில் 1,800 வெள்ளி என் பையிலிருந்து போனது.

இப்போது என் ஜன்னல் ஃபேமிலி ஒவ்வொன்றிலும் வெளிமுகத்தில் சின்னதாக ஒரு முக்கோணக் குறி உண்டு. அச்சுக்குப் போகும்போது அதை மட்டும் மறைத்துவிடலாம். ஒரு ஜன்னலுக்காவது 1:20 செக்‌ஷன் வெட்டிப் பார்க்காமல் தாளை வெளியே விடுவதில்லை.

சுவரை அழித்துத் திரும்ப வரைவது

சுவர் போனால் அதிலுள்ள கதவு, ஜன்னலும் கூடவே போகும். தடிமன் மாற வேண்டுமா, சுவரின் வகையை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஜன்னல் காணாமல் போனாலே அறைத் தரைப் பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத் திறப்பு வேண்டும் என்ற யூபிபிஎல் (மலேசியக் கட்டட விதி) கணக்கு உதைக்கும்.

பூச்சைத் தனிச் சுவராக வரைவது

வேண்டாம். திறப்பு ஒரு சுவரைத்தான் வெட்டும், மற்றது ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். வரைந்தே தீர வேண்டுமென்றால் ஜாயின் ஜியோமெட்ரி என்ற கட்டளையைப் போட்டு இரண்டையும் இணையுங்கள்.

ஜன்னல் அடிமட்டம்

அது லெவலிலிருந்து, அதாவது ரெவிட்டில் அந்தத் தளத்துக்கு வைத்த மட்டக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது, தரை ஓட்டின் மேலிருந்து அல்ல.

மூலையில் ஒட்டிய கதவு

மூலைக்கும் கதவுக்கும் நடுவில் 100 மில்லியாவது விடுங்கள். அந்த 100ஐயும் பக்கத்துச் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்துவிடாதீர்கள். 150 மில்லி சுவரில் 75 உள்ளேயே போய்விடும், மிச்சம் 25. நிலையைச் சுற்றிப் பட்டை அடிக்க வருகிற தச்சர் உங்களைத்தான் தேடுவார்.