கட்டில்களை எண்ணுவதை நிறுத்துங்கள்: குடும்பவழிப் பராமரிப்பில் மலையகத் திருச்சபைத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு திருச்சபை, தனது சிறுவர் இல்லத்தில் இனிப் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தால், அந்த முடிவின் ஆயுள் பெரும்பாலும் அடுத்த நகரம் வரைதான். ஹட்டனில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பஸ்ஸில் ஏறுவார். இறங்கும் ஊரில் வேறொரு சபையின் இல்லத்தில் இரண்டு கட்டில்கள் காலியாக இருக்கும். முதல் சபை அந்தக் குடும்பத்துக்காக எதையும் செய்யவில்லை. இரண்டாவது சபை அந்தக் குடும்பத்தைப் பற்றி எதையும் விசாரிக்கவில்லை. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எனத் தனித்தனியே இயங்கும் தலைவர்கள், பிள்ளையை இல்லத்தில் சேர்க்காமல் ஒரு குடும்பத்திலேயே வளரச் செய்யும் குடும்பவழிப் பராமரிப்பில் ஒன்றுசேர வேண்டியிருப்பதற்கு முதற் காரணம் இதுவே. எல்லா வாசல்களிலும் ஒரே கேள்வி கேட்கப்பட்டு, ஒரே பதில் கிடைத்தால் மட்டுமே பிள்ளை தன் வீட்டில் இருக்க வழி பிறக்கும். ஆனால் இந்த ஒத்துழைப்பு தொடங்கும் இடங்களிலெல்லாம் சில தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளை அநாதைகள் என்று கருதுவதிலிருந்தே பல தவறுகள் கிளைக்கின்றன. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக நீண்டகாலமாகவே மதிப்பிடப்பட்டு வருகிறது. மலையகத்தின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், அல்லது தோட்டத்திலேயே இருந்தும் சம்பளத்தின் பாதியைச் சாராயக் கடையில் விட்டுவிடுகிறார். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மாயிக்குக் கண் மங்கிவிட்டது. இவை எல்லாம் பாரமான பிரச்சினைகளே. ஆயினும் இவற்றுள் எதுவும், பெற்றோரே இல்லாத பிள்ளைக்கென்று எழுப்பப்பட்ட ஒரு கட்டடத்தால் தீர்க்கப்படக்கூடியதன்று. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்பதை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் தெளிவாகவே கூறுகின்றன. பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு குறித்த இலங்கையின் தேசியக் கொள்கையும் 2019 இல் வந்துவிட்டது. இவற்றைப் படித்துக் காட்டும் சபைகள் உண்டு. ஆனால் சேர்க்கைப் படிவத்தில், "இந்தப் பிள்ளை வீட்டிலேயே இருப்பதற்கு என்ன தேவைப்படும்?" என்ற கேள்வியை அச்சிட்டிருக்கும் இல்லங்கள் எத்தனை?

படிப்புக்காக இல்லத்துக்கு வரும் பிள்ளையின் நிலை வேறு. தோட்டப் பாடசாலைகளில் பல, சாதாரண தரத்துக்கு மேல் செல்வதில்லை. சில ஐந்தாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை நகரத்துக்குப் போயே ஆக வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒரு விடுதி. அங்கே பெற்றோர் வந்து பார்க்கலாம், விடுமுறைக்குப் பிள்ளை வீடு செல்லலாம், பொறுப்பு பெற்றோரிடமே இருக்கும். இதையும் பாதுகாப்பு இல்லாத பிள்ளைக்கான சிறுவர் இல்லத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒரே பதிவேட்டில் வைத்திருப்பது மலையகத்தில் வழக்கமாகிப்போன குழப்பம். இதன் விளைவாகப் பதினாறு வயது மாணவிக்குப் பொருந்தும் ஏற்பாடு ஆறு வயதுக் குழந்தைக்கும் பொருந்தும் என்று எண்ணத் தோன்றுகிறது. அது பொருந்தாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டனர். இல்லத்தில் தொடர்ந்தவர்களைவிட இவர்களின் அறிவு வளர்ச்சியும் மனிதரோடு ஒட்டி உறவாடும் திறனும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டோரிடம் இந்த வேறுபாடு மேலும் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் குடும்பச் சூழலிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மேற்சொன்ன வழிகாட்டிகள் வற்புறுத்துவதற்கு இத்தகைய அறிவு பின்னணியாக உள்ளது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பணம் தொடர்பானது. ஆனால் கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். இல்லங்களுக்கு வரும் நன்கொடையின் பெரும்பகுதி தலைக்கு இவ்வளவு என்று வருகிறது: ஒரு பிள்ளை, ஒரு புகைப்படம், ஒரு மாதத் தொகை. பிள்ளை வீடு திரும்பினால் அந்தத் தொகை நின்றுவிடும். இந்த ஏற்பாட்டின்படி, நல்ல வேலை செய்து பிள்ளைகளை வீடு சேர்க்கும் இல்லம் வருமானத்தை இழக்கிறது; கட்டில்களை நிரப்பி வைத்திருக்கும் இல்லம் பிழைத்துக்கொள்கிறது. இதை மாற்றாமல் எத்தனை பிரகடனங்களில் கையெழுத்திட்டாலும் பயனில்லை. நன்கொடையாளர்களிடம் தனித்தனியாகச் சென்று பேசத் தயங்கும் சபைகள், ஒன்றுசேர்ந்து ஒரே கடிதம் எழுதலாம்: பிள்ளை வீடு திரும்பிய பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு உதவி தொடரும், ஆனால் அது குடும்பத்தின் பெயரில் செல்லும். பெரும்பாலான நன்கொடையாளர்கள் இதை மறுக்கமாட்டார்கள் என்பதே என் கணிப்பு. இதுவரை எவரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொகையைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அருகில் சென்று பார்த்தால் விளங்கும். தேயிலை மலையில் வேலை செய்யும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் தாமதமானால், கொழுந்து குறைந்து அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவம் மாலையில் மூடப்படும் நேரத்துக்கும் அவர் கொழுந்தை எடைபோட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்கும் இடையில் பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆளில்லை. கணவர் இல்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் கொழுந்தனாரின் குடும்பமும் இருக்கிறது. வளர்ந்துவரும் மகளை அங்கே விட்டுச் செல்ல அவருக்குப் பயம். அந்தப் பயத்தினால்தான் அவர் பாதிரியாரிடம் வருகிறார். இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் மாதச் செலவில், அந்த இடைப்பட்ட நேரத்துக்குப் பக்கத்து லயத்தில் நம்பகமான ஒரு பெண்ணுக்குக் கொடுப்பனவு வழங்கலாம். காம்பராவைத் தடுத்துக் கதவும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுக்கலாம். பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமையால் அரசின் அஸ்வெசும நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கும் குடும்பத்தைப் பிரதேச செயலகம் வரை கூட்டிச் சென்று காரியத்தை முடித்துக் கொடுக்கலாம். திறப்பு விழா வைத்துப் பெயர்ப்பலகை மாட்டும் வேலைகள் அல்ல இவை. அதனாலேயே சபைகளுக்கு இவற்றில் ஆர்வம் குறைவோ என்று சில வேளைகளில் நினைக்கத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மாநாட்டிலிருந்து உற்சாகத்தோடு திரும்பும் நிர்வாகம், டிசம்பர் விடுமுறைக்கு வீடு சென்ற பிள்ளைகளை இனி வர வேண்டாம் என்று சொல்லி, இல்லத்தை மூடிவிட்டதாக அறிக்கை எழுதிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டுகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு லயத்து வாழ்க்கை அந்நியமாகிவிட்டது. தாய்க்கும் அந்தப் பிள்ளை விருந்தாளியைப் போலவே தெரிகிறது. பாடசாலை விடுகைப் பத்திரம் கையில் இல்லாததால் ஜனவரியில் புதிய பாடசாலையில் சேர முடியவில்லை. சில மாதங்களில் அந்தப் பிள்ளை கொழும்பில் ஏதோ ஒரு வீட்டிலோ கடையிலோ வேலைக்கு நிற்கும். வீடு திரும்புதல் படிப்படியாக நடக்க வேண்டியது: முதலில் பெற்றோர் வந்து போவது, பிறகு வார இறுதி, பிறகு விடுமுறை முழுவதும், அதன் பின்பே நிரந்தரம்; அதற்குப் பிறகும் ஒருவர் மாதந்தோறும் சென்று பார்ப்பது. சில பிள்ளைகள் ஒருபோதும் அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. வீட்டுக்குள்ளேயே துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளையைக் குடும்பவழிப் பராமரிப்பு என்ற பெயரில் அதே வீட்டுக்கு அனுப்புவது குற்றத்துக்குத் துணைபோவதாகும். அத்தகைய செய்தி காதில் விழுந்தால் சபைக்குள் பேசித் தீர்க்க முயலாமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் சபையின் மூப்பராக இருந்தாலும் இதில் விலக்கில்லை.

சட்டத்தை ஒரு சடங்காக எண்ணுவோரும் இருக்கின்றனர். தாயிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும், "நல்ல குடும்பம்" என்று போதகர் நற்சான்று கொடுத்துப் பிள்ளையை இன்னொரு வீட்டில் விடுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டாலும் சட்டப்படி சரியல்ல. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதியான ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. சிறுவர் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரச நன்னடத்தை உத்தியோகத்தர் அந்த வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். தலைவர்கள் ஒன்றுகூடும்போது மறந்துவிடும் இன்னொன்றும் இங்கே உண்டு: நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைகளின் பொறுப்பில் வருபவை. நுவரெலியா மத்திய மாகாணத்திலும் பதுளை ஊவா மாகாணத்திலும் இருப்பதால், மலையகம் முழுவதற்கும் பொதுவான திட்டம் என்றால் குறைந்தது இரண்டு மாகாண ஆணையாளர்களுடன் பேசியாக வேண்டும். உத்தியோகத்தர்களைக் கூட்டத்தின் கடைசி நாளில் மாலை போட அழைப்பதற்குப் பதிலாக, வரைவு எழுதும் நாளிலேயே மேசைக்கு அழைப்பது நல்லது.

வளர்ப்புக் குடும்பங்களைச் சபைக்குள்ளேயே தேடுவது இயல்பு. ஆனால் தோட்டப்புறப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தலைவர்கள் வெளிப்படையாகப் பேசாமல் தவிர்ப்பது ஆபத்தானது. இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20 ஆம் உறுப்புரை, குடும்பத்தை விட்டுப் பிரிந்த பிள்ளையின் இன, மத, பண்பாட்டு, மொழிப் பின்னணி தொடர்வதைக் கருத்திற்கொள்ளச் சொல்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி பார்த்து வளர்ந்த பிள்ளையை ஞாயிறு ஆராதனைக்கு மட்டுமே அழைத்துச் செல்லும் வீட்டில் விட்டால், பிள்ளைக்கு நேரும் குழப்பம் ஒருபுறமிருக்க, தோட்டத்தில் "பிள்ளை பிடிக்கிறார்கள்" என்ற பேச்சு ஒரு வாரத்தில் பரவிவிடும். அந்தப் பேச்சு கிளம்பிய மலையில் எந்தத் தாயும் பிறகு உதவி கேட்டு வரமாட்டார். அத்தை, சித்தி, பெரியம்மா என்று உறவுக்குள் முதலில் தேட வேண்டும். உறவில் எவரும் இல்லையென்றால் கோயில் பரிபாலன சபையையும் தோட்டத் தலைவரையும் கலந்துகொண்டு, பிள்ளையின் மதத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றைத் தேட வேண்டும். கிறிஸ்தவ அமைப்பொன்று இந்துக் குடும்பத்துக்கு உதவி செய்து பிள்ளையை அங்கேயே வளரச் செய்வதில் விசுவாசத்தின் சாட்சிக்கு என்ன குறைவு வந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மகவேற்பு எனப்படும் தத்தெடுப்பையும் வளர்ப்புக் குடும்பப் பராமரிப்போடு கலக்கக் கூடாது. தத்தெடுப்பு நிரந்தரமானது, அது குடும்பம் முற்றாக இல்லாத பிள்ளைக்கானது. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட விதத்தால் இன்றுவரை தாயைத் தேடி அலைவோர் இருக்கின்றனர். மலையகமும் அந்தக் கதைக்கு வெளியே இருக்கவில்லை.

அனர்த்த காலத்தில் இந்தத் தவறுகள் அனைத்தும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று காலை மண்சரிந்தபோது, பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுள் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் பெற்றோரும் இல்லாமற் போயினர். இப்படிப்பட்ட நாட்களில் இல்லம் கட்டித் தருகிறோம், பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சிலர் வாகனங்களில் மலைக்கு வந்துவிடுவார்கள். சுனாமிக்குப் பின் இலங்கையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை உறவினர்களே வளர்த்தெடுத்தனர் என்பதை அந்த நேரத்தில் யாராவது நினைவூட்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் அந்த ஊரின் மதத் தலைவர்களே. அதற்கு அவர்கள் முன்கூட்டியே தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

ஒத்துழைப்பு நடைபெறும் விதத்திலும் திருத்த வேண்டியவை உண்டு. கொழும்பில் விடுதியொன்றில் ஆங்கிலத்தில் நடக்கும் கலந்துரையாடலுக்கு ஆயர்களும் தலைவர்களும் செல்கிறார்கள்; இல்லத்தில் இரவு பகலாக நிற்கும் பராமரிப்பாளரும் இல்லத்தில் வளர்ந்து வெளியேறிய இளைஞரும் அழைக்கப்படுவதில்லை. இல்லம் மூடப்பட்டால் தன் வேலை போய்விடும் என்று அஞ்சும் பராமரிப்பாளர், குடும்பங்களைச் சென்று பார்க்கும் பணிக்குப் பயிற்சி பெறலாம் என்ற செய்தியே அவரை எட்டுவதில்லை. மலையகத்துக்குத் திருச்சபை வந்த வழியை இங்கே எண்ணிப்பார்க்கலாம். 1854 இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷனின் உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் நின்றே தம் பணியைச் செய்தார்கள்.

கடைசியாக, ஆட்களை நம்பித் திட்டம் தீட்டும் தவறு. போதகர்களும் குருமாரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறார்கள். ஹட்டனில் இருவர் நண்பர்களாக இருந்ததால் நடந்த வேலை, ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிச் சென்றதும் நின்றுபோகிறது. வீடு திரும்பிய பிள்ளைகளின் விவரங்கள் அவருடைய கைத்தொலைபேசியோடு போய்விடுகின்றன. ஆகவே உடன்பாடு தனிமனிதர் பெயரில் இல்லாமல் திருச்சபைப் பேரவையான சினொட்டின், மறைமாவட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். பிள்ளைகளின் கோப்புகள் பூட்டிய அலுமாரியில், நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். இடமாற்றம் இல்லாதவர்கள் தோட்டத்திலேயே வாழும் உபதேசியாரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியையும்தான். மாதாந்தம் வீடுகளைச் சென்று பார்க்க அவர்களுக்கு ஆகும் பஸ் காசும் ஆட்டோக் காசும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக இடம்பெற வேண்டும்.