சைலன்சர் நட்டு அசையவில்லையா? ஸ்டட் உடையாமல் கழற்றும் முறை

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மழைக்காலம் முழுக்க, காட்பாடியில் மாமா வீட்டு வாசலில் அவருடைய பழைய 100 சிசி பைக் நனைந்தபடியே நின்றது. பின்னாளில் அதன் சைலன்சரைக் கழற்ற உட்கார்ந்தேன். எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டே நட்டுகள். முதல் நட்டில் ஸ்டட்டை, அதாவது எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டைத் தாங்கும் மரைக் கம்பியை, உடைத்துவிட்டேன். இரண்டாவது முழுசாக வந்தது. அதைக் கழற்றிய முறைதான் இது.

கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துவிடுங்கள். நட்டு அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அப்புறம் துரு இளக்கும் எண்ணெயை அடித்து, நட்டின் பக்கங்களில் சின்ன சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. டபிள்யூ.டி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதுவே போதும்.

ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அது இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், மூலைகள் மழுங்கிவிடும். 6 மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான் என் விருப்பம். 12 மூலை உள்ளது துருப்பிடித்த நட்டில் நழுவும். ரிங் ஸ்பேனர் வாங்குவதானால் தபாரியா கம்பெனியுடையது எடுங்கள்.

இனிதான் நான் தவறிய இடம். முதல் நட்டு கொஞ்சம் திரும்பியதும் கழல்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். உண்மையில் முறுக்கிக்கொண்டிருந்தது ஸ்டட். நட்டு இளகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கைக்குச் சட்டென்று லேசாகும். அப்படி இல்லாமல் ரப்பரை முறுக்குவது போல இழுத்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் உடனே நிறுத்துங்கள். ஸ்டட் உடையப்போகிறது என்று அர்த்தம்.

அப்போது சூடுதான் வழி. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வையுங்கள். எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், அதுவும் தீப்பிடிக்கும். திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, கையடக்க கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் வேகமாகச் சூடாக்குங்கள். மெதுவாகக் காட்டினால் ஸ்டட்டும் சேர்ந்து விரியும், பலன் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, சூட்டோடு மெழுகுவத்தியை மரையில் ஒற்றுங்கள். உருகி உள்ளே ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று. மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னும் போனால்தான் துருத் தூள் உதிரும். எனக்கு அந்த ஒரு நட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்ப மாட்டும்போது பித்தளை நட்டு போடுங்கள். அது ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது. மரையில் காப்பர் கிரீஸும் தடவுங்கள்.

பிற்சேர்க்கை: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி, யமஹா பைக்கின் வலது கண்ணாடி எவ்வளவு எண்ணெய் விட்டும் வரவில்லை என்று கேட்டார். அது இறுகவில்லை தம்பி. அந்தப் பக்க மரை எதிர்ச்சுற்று, கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும்.