ஹைட்ரேஞ்சியா அடியில் பூனை: நீர்வண்ணத்தில் வரையும் விதம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, முன்னால் ஒரு துண்டுப் பூந்தோட்டம் இருக்கிறது. தேயிலைக்குப் பிடித்த அமில மண், அதனால் அம்மா நட்ட ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கும். அதன் அடியில் கறுப்பும் வெள்ளையுமாக எங்கள் பூனை மணி படுத்திருப்பாள். மூன்று வருடமாக அவளைத்தான் வரைகிறேன்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் வாங்கி, நாலு ஓரமும் டேப் ஒட்டிப் பலகையில் பதியுங்கள். பென்சிலால் காது, முதுகு, வால் ஆகியவற்றை மட்டும் மெல்லக் கோடிடுங்கள். நெஞ்சும் பாதமும் வெள்ளை அல்லவா? அங்கே சாயமே வேண்டாம், தாளின் வெள்ளையே போதும்.

பூனையைச் சுற்றியுள்ள இடத்தைத் தண்ணீரால் நனைத்து, பூவின் நீலத்தையும் இலைப் பச்சையையும் ஈரத்திலேயே தொட்டு விடுங்கள். அவை தானாகப் பரவி மூடுபனி போல ஆகும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், இங்கே தாள் சீக்கிரம் காயாது. நான் ஒருமுறை அவசரப்பட்டுக் காதில் கறுப்பை வைத்தேன். அது பின்னணிக்குள் ஓடி, கோவா (முட்டைக்கோஸ்) இலை ஓரம் மாதிரிச் சுருண்ட கறையாகி, படமே போய்விட்டது. இப்போது தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். பளபளப்பு போயிருந்தாலும் புறங்கையால் தொடுவேன். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். விறகடுப்பு ஓரம் வைக்காதீர்கள், புகை படியும்.

கறுப்புக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலக்குங்கள். டியூபில் வரும் கறுப்பை விட இதில்தான் ரோமத்துக்கு உயிர் இருக்கிறது. காய்ந்தால் ஒரு படி வெளிறும், ஆகவே கொஞ்சம் அடர்த்தியாகவே வையுங்கள். முதுகு விளிம்பை மட்டும் ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவினால் பனிக்குள் கரைந்தது போல இருக்கும். வெள்ளை நெஞ்சின் நிழலுக்குப் பூவின் நீலத்தையே மிக நீர்த்துப் பூசுங்கள்.

கண்ணைக் கடைசியில் வரையுங்கள். முதலில் மஞ்சள் கலந்த பச்சை, அது காய்ந்ததும் கண்மணி. வெயிலில் கோடாக இருக்கும் கண்மணி மூடுபனி வெளிச்சத்தில் அகன்றிருக்கும், அதை அப்படியே வரையுங்கள். ஒளிப்புள்ளிக்கு ஊசிமுனை அளவு வெள்ளையை விட்டுவிடுங்கள்.

தாள் முழுக்கக் காய்ந்ததும் பிளேடு நுனியால் மீசையைக் கீறுங்கள். பக்கத்துக்கு நாலு கீறல் போதும். பிறகு டேப்பை மெதுவாக உரியுங்கள்.