வாடகைக் கடைக் கணக்கு: எந்தத் திகதியின் அறிக்கையைப் பார்க்கிறீர்கள்?

கதிரை, தகரப் பந்தல், கிடாரம், லைட் மெசின் (ஜெனரேட்டர்) வாடகைக்கு விடும் கடையில் விற்பனை அறிக்கையும் காசு வரவு அறிக்கையும் ஒருநாளும் ஒத்துவராது. ஒத்துவந்தால்தான் எங்கோ பிழை என்று யோசிக்க வேண்டும். பலசரக்குக் கடையில் சாமான் போகும்போதே காசு வந்துவிடும். இங்கே ஒரே ஓடருக்கு ஐந்து திகதிகள் உண்டு: பதிந்த நாள், பொருள் ஏற்றிய நாள், வைபவ நாள், பொருள் திரும்பிய நாள், காசு தந்த நாள். கடைசியாகச் சொன்னது பல வேளை இரண்டு மூன்று நாட்களாகவும் உடையும். மென்பொருளோ எக்செலோ, இவற்றில் ஏதோ ஒன்றை வைத்துத்தான் மாதத்தைப் பிரித்துக் காட்டும். எதை வைத்துப் பிரிக்கிறது என்று பாராமல் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரு கலியாண வீட்டு ஓடரை எடுத்துக்கொள்வோம். வாடகை 50,000 ரூபா. டிசம்பர் 10இல் பதிந்து 15,000 முற்பணம் தருகிறார்கள். ஜனவரி 24இல் பொருள் ஏற்றும்போது திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்புப் பணமாக 10,000 வாங்குகிறீர்கள். 25இல் கலியாணம். 27இல் பொருள் திரும்புகிறது, ஒரு கதிரையில் கால் உடைவு. 2,000 கழித்து 8,000ஐத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். மீதி 35,000 பெப்ரவரி 5இல் வருகிறது.

பதிந்த நாளை வைத்த விற்பனை அறிக்கை இந்த 50,000ஐ டிசம்பரில் காட்டும். வைபவ நாளை வைத்தது ஜனவரியில் காட்டும். வரவு அறிக்கையோ டிசம்பரில் 15,000, ஜனவரியில் 10,000, பெப்ரவரியில் 35,000 என்று காட்டும். திருப்பிக் கொடுத்த 8,000ஐச் செலவுப் பக்கத்தில் எழுதியிருந்தால், ஜனவரியில் இல்லாத ஒரு வருமானமும் இல்லாத ஒரு செலவும் நிற்கும். உண்மையில் ஜனவரியில் உழைத்தது 50,000 வாடகையும் 2,000 சேதப் பணமும். வந்த காசைக் கூட்டிப் பாருங்கள்: 15,000 + 10,000 − 8,000 + 35,000 = 52,000. ஓடர் முழுதாக முடிந்த பிறகுதான் இரண்டு பக்கமும் சந்திக்கும். மாதக் கடைசியில் அல்ல, ஓடர்க் கடைசியில்.

ஆகவே முற்பணம், வைப்புப் பணம், வாடகை, சேதப் பணம் என்ற நான்கையும் நான்கு தலைப்பில் பதியுங்கள். முற்பணம் என்பது நீங்கள் இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய கடன். வைப்புப் பணம் உங்கள் காசே அல்ல. இரண்டையும் ‘வருமானம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு, அந்தத் தொகையை நம்பிப் புதுப் பந்தல் தகரத்துக்கு ஓடர் கொடுத்தால், தை மாதக் கலியாணங்களுக்குப் பிறகு வைப்பைத் திருப்பிக் கொடுக்கக் கல்லாப்பெட்டியில் காசு இராது.

அடுத்தது கடன் பாக்கி. அனேகமான மென்பொருள்கள் 0–30, 31–60, 61–90 நாள் என்று பாக்கியைப் பிரித்துத் தரும். நகரத்துக் கடைக்கு அது பொருந்தலாம். வன்னியில் பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் உழவு இயந்திரமோ நீர்ப்பம்பியோ வாடகைக்கு எடுத்த கமக்காரர் ‘வெட்டு முடியத் தாறன்’ என்றுதான் எடுப்பார். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். பில் திகதியிலிருந்து நாள் எண்ணும் அறிக்கை அவரை ஜனவரி, பெப்ரவரியிலேயே 90 நாள் தாண்டியவர் பட்டியலில் சிவப்பாகக் காட்டிவிடும். சொன்ன சொல் தவறாத மனிதருக்குக் கடைப் பெடியன் போன் அடித்துக் காசு கேட்பான்; அந்தக் குடும்பம் அடுத்த போகத்துக்கு வேறு கடைக்குப் போகும். இதே பட்டியலில் உள்ளூர்ச் சங்கம் ஒன்று செப்டெம்பர் விழாவுக்கு எடுத்த பந்தலின் பாக்கியும் அதே சிவப்பில் கிடக்கும். உண்மையில் கேட்கவேண்டியது அதைத்தான். பில்லிலேயே ‘தருவதாகச் சொன்ன திகதி’ என்று ஒரு கட்டம் வையுங்கள். பாக்கி அறிக்கையை அந்தத் திகதியிலிருந்து எண்ணும்படி மாற்றுங்கள். மென்பொருளில் அதன் பெயர் பெரும்பாலும் ‘தவணைத் திகதி’ என்றிருக்கும்.

போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடும் அறிக்கையும் எங்கள் ஊரில் நன்றாகவே ஏமாற்றும். ஜூலை மாத அறிக்கை என்பது பாதி ஆனி, பாதி ஆடி. ஆனியில் கலியாண ஓடர், ஆடியில் கடை வாசலில் ஆள் இல்லை. இரண்டையும் கூட்டி வகுத்தால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் வரும். மார்கழியும் அப்படியே: டிசம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை போகும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டி வருவதால் ஒரு வருடம் மேயிலும் இன்னொரு வருடம் ஜூனிலும் விழும். முல்லைத்தீவுப் பக்கம் லைட் மெசினும் தறப்பாளும் கொடுப்பவர் மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டால், வியாபாரம் விழுந்துவிட்டது என்று வீணாகப் பதறுவார். மடுத் திருவிழா மட்டும் ஓகஸ்ட் 15 என்று நிலையாக நிற்பதால் மன்னார்ப் பக்கத்தாருக்கு அந்தக் கிழமையை ஒப்பிடுவதில் சிக்கல் இல்லை. மற்றவர்கள் அறிக்கையில் ‘மாதம்’ என்பதை விட்டுவிட்டுத் திகதி எல்லையைத் தாங்களே கொடுக்க வேண்டும்: தமிழ் மாதம் பிறக்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை.

சிறுபோகம் இன்னும் மோசம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். உழவு இயந்திரம் விடுபவர் மொத்த விற்பனையை ஒப்பிடாமல் ஏக்கருக்கு என்ன வந்தது, எண்ணெய்க்கு என்ன போனது என்று ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

பொருள் எவ்வளவு ஓடியது என்ற அறிக்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களிடம் 400 கதிரை இருந்தால் 30 நாளில் 12,000 கதிரை-நாள். அதில் 2,400 மட்டும் ஓடியிருந்தால் அறிக்கை 20 வீதம் என்று காட்டும். ‘ஐந்தில் நாலு பங்கு சும்மா கிடக்கிறது, இனி வாங்கத் தேவையில்லை’ என்று முடிவெடுக்கத் தோன்றும். ஆனால் அந்த 2,400உம் ஆறு நல்ல நாட்களில் 400 கதிரையும் வெளியே போய் வந்த கணக்காக இருக்கலாம். அந்த ஆறு நாளும் எத்தனை பேரை இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்? அதை எந்த விற்பனை அறிக்கையும் சொல்லாது, ஏனென்றால் நடக்காத விற்பனைக்குப் பில் இல்லை. திகதி, கேட்ட பொருள், எண்ணிக்கை என மூன்று நிரலோடு ஒரு கொப்பியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். கதிரை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும்.

அப்படித் தட்டுப்படும் நாளில் பக்கத்துக் கடையில் எடுத்துக் கொடுப்பதும் வழக்கம். கதிரை ஒன்றுக்கு 30 ரூபா வாங்கி 20 ரூபாவை அவருக்குக் கொடுத்தால் உங்களுக்கு 10 தான். விற்பனை அறிக்கை முப்பதையும் உங்கள் கதிரை உழைத்ததாகவே காட்டும். வெளியே எடுத்த கதிரைக்கு வேறு பொருள் பெயர் கொடுங்கள். ஏற்றுக்கூலி, பந்தல் போடும் ஆட்களின் கூலி இரண்டையும் கூட வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதக்கூடாது. எழுதினால், தூரத்து மாங்குளத்துக்குப் போன ஓடரும் பக்கத்து ஒழுங்கைக்குப் போன ஓடரும் அறிக்கையில் ஒரே இலாபமாகத் தெரியும்.

செத்தவீடுகளுக்கு முற்பணம் கேட்பதில்லை, திரும்பும் நாளும் கேட்பதில்லை. அது மரியாதை, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் முடியும் திகதி இல்லாத ஓடர் பில் ஆகாது, பில் ஆகாதது விற்பனை அறிக்கையில் வராது. எட்டாம் நாள் சடங்கு முடியும் வரை அங்கே நிற்கும் பந்தலையும் கதிரைகளையும் கணக்கு மறந்துவிடும். இதற்கு வேண்டியது ‘வெளியே உள்ள பொருள்’ அறிக்கை. காசு முழுதாக வந்தவுடனேயே ஓடரை மூடிவிடும் மென்பொருளாக இருந்தால் கவனம்: காசு வந்து கிடாரம் வராத ஓடர்கள் அதில் காணாமல் போகும். பொருள் எண்ணி எடுத்த பிறகுதான் மூடும்படி வையுங்கள்.

வரவு அறிக்கையைக் காசு, வங்கி மாற்றல், கியூஆர், காசோலை என்று பிரித்தே எடுக்க வேண்டும். கியூஆர் வழி வருவதில் வங்கி தன் கழிவைப் பிடித்துப் பின்னர் வைப்பிலிடும்போது பில் தொகையும் வங்கித் தொகையும் வேறாகும். அந்த வித்தியாசத்தைச் செலவாக எழுதாவிட்டால் ஒவ்வொரு மாதமும் சில நூறு ரூபாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். வங்கிக்கு மாற்றுபவரிடம் குறிப்பில் ஓடர் இலக்கத்தைப் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் இன்னொருவர் மூலம் அனுப்பும் காசுக்கு இது கட்டாயம், பெயர் ஒத்தே வராது. வட்ஸ்அப்பில் வந்த மாற்றல் படத்தைப் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதக்கூடாது. கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்து எழுதுங்கள். பின்திகதிக் காசோலையும் வரவு அல்ல. அது மாறும் வரை ‘கையில் உள்ள காசோலை’ என்ற தனி நிரலில் கிடக்கட்டும்.

எதை எப்போது எடுப்பது? இரவு கடை பூட்டுமுன் வரவுப் பிரிப்பும் வெளியே உள்ள பொருளும். கிழமைக்கு ஒருமுறை தவணைத் திகதி கடந்த பாக்கி. தமிழ் மாதம் முடிய, வைபவ நாளை வைத்த விற்பனையைப் பொருள்வாரியாக. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால், அன்றைய திகதிக்கு முற்பண மீதி, வைப்பு மீதி, பாக்கி என்ற மூன்று பட்டியலையும் எடுத்துக் கணக்காளரிடம் கொடுங்கள். சித்திரைக் கலியாணங்களுக்கு மார்ச்சில் வாங்கிய முற்பணமும், அறுவடை முடிந்தும் வந்துசேராத பெரும்போகப் பாக்கியும் சரியாக அந்தக் கோட்டில்தான் நிற்கும். ஏப்ரல் பிறந்த பிறகு எடுக்கலாம் என்று விட்டால், சில மென்பொருள்கள் பின்னோக்கிய திகதிக்குப் பாக்கி காட்டாமல் இன்றைய பாக்கியையே காட்டும். 31ஆம் திகதி இரவே அச்செடுத்துக் கோவையில் போட்டுவிடுங்கள்.